கேட் பாஸ் இல்லாத நாயனம்

திருவள்ளூர் மாவட்டத்தில் நாயனத்தை எடுத்து வாயில் வைத்த முதல் பொம்பளை நான். இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் சொன்னால் பாதியைத்தான் சொல்கிறார்கள். நாலாம் கிளாஸோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். வித்தையையும் யாரும் சொல்லித் தரவில்லை. பொதட்டூர்பேட்டைக் கல்யாணங்களில் எங்கள் நைனாவுக்கும் அண்ணனுக்கும் பின்னால் நின்று ஒத்து ஊதினேன். ஒத்து என்றால் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. ஆள் கிடைக்காத குறைக்கு என்னை நிறுத்தினார்கள். எட்டு வருஷம் அப்படி நின்றே அவர்கள் வாசித்ததையெல்லாம் காதாலேயே எடுத்துக்கொண்டேன். பிறகு கடல் தாண்டிப் போய் வாசித்தவள் நான்தான். அவர்கள் இல்லை.

மல்லாரி என்று ஒன்று உண்டு. சாமி கோயிலை விட்டு வீதிக்குப் புறப்படும்போது மட்டும் வாசிப்பது. பொம்பளை வாசித்தால் தீட்டு என்று ஊர்ப் பெரிய மனுஷர்கள் பன்னிரண்டு வருஷம் என்னைக் கோபுர வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் அண்ணனுக்கு அம்மை போட்டிருந்தது. வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்கள். வாசித்தேன். சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. முடிந்ததும் நான் நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். நான் நகரவில்லை. என் கால்மேலேயே தெளித்தார்கள். அன்றைக்கு அருவருத்துப்போனது அவர்களல்ல, நான்.

இத்தனை செய்தும், என் சொந்த மாவட்டத்தில் என்னை மேடையில் உட்காரவைத்து ஒரு ராகத்தை முழுசாகக் கேட்டவர்கள் கிடையாது. கல்யாணமென்றால் நின்றுகொண்டு, பந்தி சத்தத்துக்கு நடுவில் வாசிப்பதுதான். இந்த வருஷம் என் முன்பல் இரண்டும் ஆட ஆரம்பித்துவிட்டன. எடுத்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். பல் போனால் உதடு நிற்காது, நாயனமும் போய்விடும். அந்த நேரத்தில்தான் கும்மிடிப்பூண்டி பைப் கம்பெனி ஒன்றில் மகளிர் தினத்துக்குக் கூப்பிட்டார்கள். அரைமணி நேரம் மேடை, என் இஷ்டப்படி வாசிக்கலாம் என்றார்கள். தோடி வாசிக்கவேண்டும், பிறகு பல் போனால் போகட்டும் என்று முடிவு பண்ணினேன்.

கார் அனுப்பிக் கூட்டிப்போனார்கள். இறங்கியதும் ஹெச்.ஆர். பெண் பட்டுப்புடவையில் ஓடி வந்தாள்.

"அம்மா, ஒரு சின்ன சேஞ்ச். எம்.டி. சார் கார்லேர்ந்து மேடைக்கு வர்ற வரைக்கும் கம்பீரமா ஒண்ணு வாசிச்சுடுங்க. மல்லாரின்னு போன்ல பாத்தேன், செம்மையா இருக்குது."

"அது சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிறது, கண்ணு."

"எங்களுக்கு எம்.டி. சார்தாம்மா சாமி." சிரித்தாள்.

"அப்டியா? அப்ப பல்லக்குல வெச்சித் தூக்கினு வாங்க. தோள் குடுக்க நாலு பேரு கீறாங்களா?"

சிரிப்பு நின்றது. "அதை வாசிச்சாதாம்மா உங்க அரைமணி நேரம்."

"வேற எது வோணும்னாலும் கேளு. அது மட்டும் முடியாது."

"சரி, அதை ஸ்பீக்கர்ல போட்டுக்கறோம். நீங்க சும்மா வாயில வெச்சிக்கினு நில்லுங்க, போட்டோவுக்கு. கன்னத்தை மட்டும் உப்ப வேணாம்மா. பாக்க நல்லா இருக்காது."

கன்னம்! பதினாறு வயசில் ஆரம்பித்து எல்லாரும் பேசியது என் கன்னத்தைத்தான். மூஞ்சி தவளை மாதிரி ஆகிறது, எவன் கட்டுவான் என்று என் அத்தை கேட்டாள். அது படிக்காத ஜனம். இது ரெண்டு டிகிரி படித்த பொம்பளைப் பிள்ளை, மகளிர் தினத்தன்று கேட்கிறது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்துவிட்டேன்.

கேட்டில் செக்யூரிட்டி மறித்தான்.

"ஆயா, பையில இன்னா?"

"நாயனம்."

"உள்ள வர்சொல்ல நோட்டுல எழுதலியே. எழுதாத பொருளு கேட் பாஸ் இல்லாம வெளிய போவாது."

"கம்பெனி கார்ல வந்தேன். சலாம் போட்டு உட்டவன் நீதான்."

"அதான் பேஜாரு. கார்ல வந்தா நோட்டுல ஏறாது. ஹெச்.ஆர். மேடம் கையெழுத்து வோணும்."

"அந்தம்மா சாமி புறப்பாட்டுல கீறாங்க."

அவனுக்குப் புரியவில்லை. "நீ போலாம் ஆயா. அது போவாது."

லாரிகளை எடைபோடும் மேடைப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்தேன். உள்ளே ஸ்பீக்கரில் மல்லாரி எழும்பியது. யாரோ வாசித்தது, நன்றாகவே வாசித்திருந்தார், பாவம். பூ தூவ, எம்.டி. போனைக் காதில் வைத்தபடியே நடந்து போனார். பாட்டு நின்றதும் ஒருவர் மைக்கில், "நம்ம மாவட்டத்தின் முதல் பெண் நாதஸ்வரக் கலைஞர்!" என்று கத்தினார். கை தட்டினார்கள். மேடையில் யாரைப் பார்த்துத் தட்டினார்களோ தெரியாது. நான் இங்கே பைப்புக்கும் இரும்புக் கம்பிக்கும் நடுவில், வெளியே போக அனுமதியில்லாத பொருளுக்குக் காவல் உட்கார்ந்திருந்தேன்.

நாயனத்தை வெளியே எடுத்தேன். ஊதுகிற நாணல் துண்டு சீவாளி. அதை வாயில் போட்டு ஊறவைத்தேன். பொருத்தினேன். எழுந்து வாசல் நடுவில் நின்று தோடியை எடுத்தேன்.

"ஆயா! ஆயா! இங்க ஊதக்கூடாது! உள்ள ஃபங்ஷன் நட்க்குது!"

வாயில் நாயனம் இருக்கும்போது நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை. வெளியே போக வழியில்லாமல் லாரிகள் ஹாரன் அடித்தன. அவன் போன் பண்ணிப் பார்த்தான், எடுப்பாரில்லை. கடைசியில் சின்ன கேட்டைத் திறந்துவிட்டுக் கும்பிட்டான்.

"எட்த்துக்கினு போ ஆயா. நான் எதியும் பாக்கல."

போகவில்லை. ராகம் அப்போதுதான் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஆடுகிற பல் ஈறைக் குத்தியது. வாயில் உப்புக் கரித்தது. விடவில்லை. தோடியில் நான் போகவேண்டிய இடமெல்லாம் போய், இறங்கி, முடித்தேன். கன்னம் எவ்வளவு உப்புமோ, அவ்வளவும் உப்பட்டும் என்று வாசித்தேன்.

முதல் லாரியின் டிரைவர் தலையை நீட்டினான்.

"முட்ஞ்சுதா ஆயா?"

"முட்ஞ்சுது."

வண்டியைக் கிளப்பினான். நல்லா இருந்தது, நல்லா இல்லை என்று ஒரு வார்த்தை இல்லை. செக்யூரிட்டியின் தண்ணீர் கேனில் ஒரு டம்ளர் பிடித்து வாயைக் கொப்பளித்து, அவர்கள் வாசலிலேயே சிவப்பாகத் துப்பிவிட்டு வெளியே வந்தேன்.