சிரிச்சாச்சு

என் அப்பா பல தடவை செத்திருக்கிறார். விபத்தில், வெட்டுக்குத்தில், விஷச் சாராயத்தில், ஒருமுறை யானை மிதித்து. பெரும்பாலும் இடைவேளைக்கு முன்னாலேயே செத்துவிடுவார். சினிமாவில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் கதாநாயகனின் அண்ணன், கதாநாயகியின் அப்பா என்று வந்து, அவர்கள் பழிவாங்கக் கிளம்புவதற்கு ஒரு காரணமாக விழுந்து கிடக்கும் வேலைதான். அதில் கெட்டிக்காரர் என்று பெயரும் வாங்கியிருந்தார். முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் இமை அசையாதாம்.

அவர் சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். நானும் அம்மாவும் திண்டிவனத்தில் இருந்தோம். அம்மா மல்லாட்டை மில்லில் வேர்க்கடலையில் சொத்தை பொறுக்கப் போவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அவள் வரும்வரை பூட்டிய கதவுக்கு முன்னால் வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். தெருவில் மற்ற வீட்டு அப்பாக்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். என் அப்பா பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார், வந்தாலும் பாதி நேரம் போனும் கையுமாகத்தான் இருப்பார். ஆகவே அப்பாவை நான் அதிகம் பார்த்தது தியேட்டரில்தான்.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், அந்த ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட வேண்டும். அப்போதுதான் அந்தச் சாவு படத்தோடு போகும், ஆளை ஒட்டாது. டைரக்டரே மறக்காமல் "கொஞ்சம் சிரிச்சிடுங்க" என்று சொல்லி, அதையும் படம் பிடித்துக்கொள்வார். அம்மாவுக்கு இந்த விஷயத்தில் உயிரே போய் உயிர் வரும். அப்பா சாகிற நாளெல்லாம் அவள் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். மணி அடிக்கும். "சிரிச்சாச்சு" என்பார் அப்பா. அந்த ஒரு சொல்லைக் கேட்ட பிறகுதான் அவள் உலை வைப்பாள்.

அப்பா நடித்த படம் ஊருக்கு வந்தால் மேட்னிக்கு அழைத்துப் போவாள். திரையில் அப்பாவின் முகத்தைத் துணியால் மூடியதும் எழுந்துவிடுவாள். அதற்கு மேல் அவளால் உட்கார முடியாது. வெகுகாலம் வரை நான் எந்தப் படத்துக்கும் பின்பாதி பார்த்ததில்லை. பழி வாங்கினார்களா இல்லையா என்பதை மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

நான் நாலாவது படிக்கும்போது அப்பா சொந்தமாகப் படம் எடுக்கக் கிளம்பினார். தயாரிப்பு அவரே, இயக்கம் அவரே, கதையில் அப்பாவாக வருவதும் அவரே. தன் படத்திலாவது சாகாமல் இருந்திருக்கலாம். கைவந்த கலையை விட மனம் வரவில்லை போலிருக்கிறது. படப்பிடிப்பு விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் முகையூரில் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி தினமும் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அவரோ விழுப்புரத்தில் லாட்ஜ் எடுத்து, படப்பிடிப்புக் குழுவோடு தங்கிவிட்டார். வாசற்படியில் நான் காத்திருந்ததுதான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு முகையூருக்குப் போனாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு வேளை. எல்லோரும் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் தள்ளி ஒரு குடை, ஒரு நாற்காலி, தனி கேரியர். அவரோடு பல படங்களில் சேர்ந்து விழுந்து புரண்டவர்கள்கூட "அண்ணே"யை விட்டு "சார்" என்றார்கள். அவர் பக்கத்தில் போய் உட்காரலாம் என்று பார்த்தால் அங்கே இன்னொரு நாற்காலி இல்லை.

சாப்பாடு முடிந்ததும் அப்பாவின் சாவு. மூக்கில் பஞ்சு வைத்துப் பாடையில் படுத்தார். அழுவதற்கு ஊர்ப் பெண்களையே அழைத்திருந்தார்கள். அவர்கள் நிஜமாகவே மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். ஒப்பாரி உச்சத்துக்குப் போனபோது பிணம் படுத்தபடியே "கட்!" என்று கத்தியது.

"அய்யய்யோ, பொணம் பேசுதுடி!" என்று ஒரு பெண் எழுந்து ஓடவே, கூட்டமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. பஞ்சோடு எழுந்து, எடுத்ததைப் பார்க்க மானிட்டருக்கு ஓடினார்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "சிரிக்கலியே. உங்கப்பா இன்னும் சிரிக்கலியேடி."

இத்தனை நாளும் சிரிக்கச் சொல்வதற்கு ஒரு டைரக்டர் இருந்தார். இப்போது அப்பாவே டைரக்டர். அவருக்கு யார் சொல்வது? கேமராக்காரர் வானத்தைப் பார்த்தார், உதவியாளர்கள் தரையைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது, வாய்தான் வரவில்லை.

"ஜல்தி ஓடு. அப்பாவ சிரிச்சிட்டு அப்பால வேலயப் பாக்கச் சொல்லு."

ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாருப்பா இது, கொழந்தய ஓரமா கூட்டினு போங்க" என்றார். நான் சட்டையை விடவில்லை.

"அப்பா, அம்மா உன்ன சிரிக்கச் சொல்லுச்சு."

திரும்பினார். என்னை அடையாளம் தெரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனதுபோல் இருந்தது. "அட, ஆமால்ல" என்று மறுபடி பாடையில் போய் உட்கார்ந்தார். கேமரா ஓடியது. அப்பா வாயை அகட்டினார். சிரிப்பு வரவில்லை. இன்னொருமுறை முயன்றார். எல்லோரும் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். முன்பென்றால் யாராவது கேலி பேசிச் சிரிக்க வைத்திருப்பார்கள், டைரக்டரிடம் யார் பேசுவார்கள்?

"பாப்பா, நீ வந்து கேமரா பக்கத்துல நில்லு" என்றார்.

போய் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்ததே இல்லை. எனக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. கூச்சத்தில் அதை நாக்கால் தள்ளித் தள்ளி ஆட்டினேன். அப்பாவின் முகம் மெல்ல இளகியது. மூக்கில் பஞ்சோடு வாய்கொள்ளாமல் சிரித்தார். பிறகு "கட்" என்று எழுந்து மானிட்டருக்குப் போய்விட்டார். நாங்கள் கிளம்பும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு அது போதவில்லை.

படம் திண்டிவனத்துக்கும் வந்தது. விழுப்புரத்தில் வேலை இருக்கிறது, தியேட்டருக்கு வர முடியாது என்று அப்பா போனில் சொல்லிவிட்டார். நானும் அம்மாவும் மேட்னிக்குப் போனோம். மின்விசிறிச் சத்தம் கேட்கிற அளவுக்குத்தான் கூட்டம். இடைவேளைக்கு முன்னால் அப்பா செத்தார், முகத்தை மூடினார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, இது நம்ம அப்பா எடுத்த படம்."

"எதுவா இருந்தா இன்னா? அதான் செத்துட்டாரே, இனிமே அதுல இன்னா கீது? வா."

நாங்கள் எழுந்ததைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். கதவருகே, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அழுத கண்ணோடு அம்மா கவனிக்கவில்லை. நான் அவர் செருப்பைப் பார்த்தேன். வார் அறுந்த இடத்தில் அம்மா கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்த செருப்பு. டைரக்டர்கள் இப்படித்தான் ஒளிந்து நிற்பார்கள் போலிருக்கிறது, காட்டிக் கொடுக்கக்கூடாது என்று நினைத்து, பெருமையோடு வாயை மூடிக்கொண்டேன்.

படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. அப்பா அதற்குப் பிறகு எதையும் இயக்கவில்லை. சென்னைக்குத் திரும்பிப்போய்ப் பழையபடி செத்தார். இப்போது சீரியல்களில் பெரும்பாலும் மாலை போட்ட போட்டோவாக மட்டும் வருகிறார்.

போன வருஷம்தான் யாரோ இணையத்தில் ஏற்றியிருந்த அந்தப் படத்தின் பின்பாதியை, நான் வேலை பார்க்கும் ஊரில், என் அறையில் தனியாக உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். செத்த அப்பா பின்பாதியில் திரும்ப வருகிறார், மகளின் நினைவுகளில். அந்தச் சிறுமி பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டுக்கு வருகிறார். எல்லாப் பெயர்களும் ஓடி முடிந்தபின், எந்தப் படத்திலும் சேர்க்காத அந்தச் சிரிப்பையும் சேர்த்திருந்தார். மூக்கில் பஞ்சோடு, கேமராவுக்குச் சற்றுத் தள்ளி யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். பார்ப்பவர்களுக்கு அது யாரென்று தெரிய வழியில்லை.

நானும் அம்மாவும் அந்தப் படத்துக்கு மேட்னி போய் வந்தோமே, அன்று சாயங்காலம் அப்பா அதே செருப்போடு வீட்டுக்கு வந்தார். அம்மா சோறு போட்டாள்.

"படம் எப்படி இருந்திச்சு?" என்றார்.

"ரொம்ப நல்லா இருந்திச்சுங்க. அழுவய அடக்கவே முடியல."

"கடைசி வரிக்கும் பாத்தியா?"

"எப்பவும் போலத்தாங்க."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துச் சிரித்தார்.

நான் அம்மாவின் காதில், "சிரிச்சாச்சு" என்றேன். அம்மா தலையாட்டினாள். இனி அவரை ஒன்றும் ஒட்டாது என்று எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.