முக்கிப் பார்த்த பிறகுதான் மாட்டுவேன்

கண்ணுக்குத் தெரியாத கேஸைத் துரத்திப் பிடிப்பதுதான் கார் ஏ.சி. மெக்கானிக்கின் பிழைப்பு. அறுபதுகளில் பம்பாயில் ஏ.சி. கார் என்றால் பெரிய மனிதர்களின் வெளிநாட்டு வண்டிதான். நான் தாராவிக்காரன். மாஹிமில் காதர் பாயின் ஒர்க்‌ஷாப்பில், குளிர்ச்சி தரும் அந்தக் கேஸை அழுத்தி ஓட்டுகிற கம்ப்ரஸரை வண்டியில் மாட்டுவதற்கு முன் லீக் பார்ப்பது என் வேலை. வாய்களை அடைத்து, உள்ளே கேஸ் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்குவேன். குமிழி வந்தால் லீக். பக்கத்தில் ஒருவர் மணி பார்த்துக்கொண்டே நிற்கும்போது இதைச் செய்கிற பாடு, ஸ்பேனர் பிடித்தவர்களே, உங்களுக்குத்தான் தெரியும்.

புதுசுக்கு எதற்குக் குளியல்?

சண்முகம் அண்ணாச்சி ஒரு மில் சேட்டின் டிரைவர். கப்பலில் வந்த புதுக் கம்ப்ரஸரைப் பெட்டியோடு கொண்டுவந்தார். சாயங்காலம் சேட்டு குடும்பத்தோடு பூனாவுக்குப் புறப்படவேண்டும். "புதுச் சாமான்வே, நேரா மாட்டும்" என்றார். நான் மறுத்தேன். பாயிடம் போய்ச் சொன்னார். "லீக் விஷயத்துல அவன் சொல்றதுதான்" என்று பாய் கையை விரித்துவிட்டார்.

முக்கினேன். மூடிப் பக்கத்திலிருந்து கடுகு கடுகாகக் குமிழி வந்தது. கழற்றினால், உள்ளே இடைவெளியை அடைக்கிற கேஸ்கெட் அட்டை மடங்கிக் கிடந்தது. வேறு வெட்டிப் போட்டு, மறுபடி முக்கி, மாட்டி முடிக்கும்போது சாயங்காலம் மணி நாலு. அண்ணாச்சி வண்டியில் ஏறும்போது சொன்னார்: "பெட்டிக்கு மேல நாலு முத்திர குத்தியிருக்கான்வே, உள்ள பாத்தவன் ஒருத்தனும் இல்ல."

சுற்றாமல் விட்ட தண்டு

இது என் தப்பு. செம்பூர் டாக்டரம்மாவின் மாமனாருக்கு அடிக்கடி நெஞ்சு வலி. மே மாத வெயிலில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக டாக்டரம்மா தன் ஏ.சி. காரைத்தான் நம்பியிருந்தார். முக்கினேன், குமிழி இல்லை, மாட்டிக் கொடுத்தேன். நாலாம் நாள் வண்டி திரும்பி வந்தது. கேஸ் முழுக்கப் போயிருந்தது. வழியில் பெரியவர் வேர்த்து மயங்கிப்போனாராம்.

கழற்றி மறுபடி முக்கினேன். அப்போதும் குமிழி இல்லை. தண்ணீருக்குள்ளேயே, எஞ்சின் சுழற்றுகிற கம்ப்ரஸர் தண்டைக் கையால் சுற்றினேன். தண்டைச் சுற்றி அடைக்கிற சீலிலிருந்து குமிழி பொலபொலவென்று வந்தது. சும்மா நிற்கும்போது ஒளிந்துகொண்டு, ஓடும்போது கசிகிற லீக். சீலை மாற்றிவிட்டு, "சுத்திப் பாக்காம விட்டது என் தப்பும்மா" என்றேன். டாக்டரம்மா சொன்னார்: "பேஷண்ட்டை நடக்கவிட்டுப் பாக்காம நானும் ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். இப்போ சுத்திப் பாத்தாச்சில்ல? மாட்டுங்க."

பச்சைத் தீ

லீக் விளக்கு என்று ஒன்று உண்டு. கேஸ் பட்டால் அதன் நீலத் தீ பச்சையாகிவிடும். மாதுங்காவிலிருந்து வந்த ஒரு கம்பெனி மானேஜரின் கம்ப்ரஸரைச் சோதித்த பிரான்சிஸ், எங்கள் இன்னொரு மெக்கானிக், பச்சையைப் பார்த்ததும் "உதவாது" என்றுவிட்டான். வேறு வரவழைக்க மாதக்கணக்காகும். மானேஜர் முகம் தொங்கிப்போயிற்று.

கம்ப்ரஸரைத் தெருவுக்குத் தூக்கிப்போய் விளக்கைக் காட்டினேன். தண்டைச் சுற்றியும் பார்த்தேன். நீலம்தான். வெறும் விளக்கோடு உள்ளே வந்தேன். பச்சை. மூலையில் இருந்த கேஸ் சிலிண்டரின் வால்வு கசிந்து கடை முழுக்கக் கேஸ். மானேஜர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்போ கம்ப்ரஸர் நன்னாத்தான் இருக்கு, கடைதான் லீக்குன்னு சொல்லுங்கோ."

நான் ஒழுங்காக முக்கிப் பார்த்த கம்ப்ரஸர் எதுவும் என்னைக் கவிழ்த்ததில்லை. ஒழுங்காகப் பார்த்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டதுதான் கவிழ்த்திருக்கிறது.