அத்தான் காவித் திரியும் பிளாஸ்க்

அத்தானிடம் ஒரு பிளாஸ்க் இருக்கிறது. பச்சைப் பூச்சு உதிர்ந்து, மூடி ஒரு பக்கம் நசுங்கிப்போன சாதாரண பிளாஸ்க். ஜெர்மனியில், ஹம்பேர்க்கில் எங்கள் சனங்களின் கலியாணம், பெண்பிள்ளைகள் பெரியவளான சாமத்தியவீடு, செத்தவீடு எதுவென்றாலும் அதைக் காவிக்கொண்டுதான் வருவார். மேசைக்கு மேசை சோடாப் போத்தல்கள் அடுக்கியிருக்கும். அவரோ தன் பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு, மறுபடி இறுக்கித் திருகி மடியில் வைத்துக்கொள்வார். கஞ்சன், நோய்பிடித்த வருத்தக்காரன், வெள்ளைக்காரனாகிவிட்டான் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிளாஸ்க் எதற்காக வந்தது என்று அப்படிப் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு நன்றாகவே தெரியும்.

அத்தான் என் அக்காவின் கணவர். ஒரு காலத்தில் மோசமாகக் குடித்தவர்தான். அதை மறைப்பதற்காக நான் இதை எழுதவில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில் குடித்துவிட்டுக் காரோட்டி வந்தபோது, சைக்கிளில் போன ஒரு பெண்ணை இடித்தார். அவளுடைய கால் முறிந்தது. நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தது. நன்னடத்தைக் காலம் முடியும்வரை வெளியே இருக்கலாம். ஆனால் மதுவைத் தொடக்கூடாது, கூப்பிட்டவுடன் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகவேண்டும், குடியை விடுவதற்கான சிகிச்சைக் குழுவுக்கு வாராவாரம் போய் அதை முடிக்கவேண்டும். தவறினால் மறியல், சிறைதான். அக்காவும் பிள்ளைகளும் அந்த நாட்களில் வாசல் மணி அடித்தாலே பயந்தார்கள்.

அவருடைய ஜெர்மன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பழகிய ஜெர்மன். அதனால் தொடக்கத்தில் நான் கூடப் போய், உள்ளே விடாததால் வெளியே காத்திருந்தேன். குழுவில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, தாங்கள் செய்ததைத் தங்கள் வாயாலேயே சொல்லவேண்டும். "எனக்கு ஒரு விபத்து நடந்தது" என்று அத்தான் சொன்னாராம். குழுவை நடத்திய பெண் கையைக் காட்டி நிறுத்திவிட்டாளாம். விபத்து உங்களுக்கு நடந்ததா, நீங்கள் செய்ததா என்று கேட்டாளாம். அன்று அவர் முகம் சிவந்துபோய் வெளியே வந்தார். "சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லுறமாதிரிச் சொல்லுறாள்" என்று வழியெல்லாம் திட்டினார். ஆனால் அடுத்த வாரம் எஸ்-பான் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, யன்னலைப் பார்த்தபடி, மெல்லிய குரலில் பாடமாக்கிக்கொண்டு வந்தார்: நான் குடித்துவிட்டுக் காரோட்டினேன். நான் ஒரு பெண்ணின் காலை முறித்தேன். அந்த இரண்டு வசனங்களையும் தடக்காமல் சொல்ல அவருக்கு எத்தனையோ வாரம் பிடித்தது.

எங்கள் குடும்பத்தில் வேறு எவரும் அந்த வசனத்தை இன்றுவரை சொன்னதில்லை. அவர்களுக்கு அது அட்டமத்துச் சனி. அத்தானின் மூத்த அண்ணர் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று இருந்துவிட்டார். குழுவுக்கு அவர் வைத்த பெயர் 'குடிகாரப் பள்ளிக்கூடம்'. "என்னடா, இண்டைக்கு என்ன பாடம்?" என்று தொலைபேசியில் கேட்டுச் சிரிப்பார். அந்தப் பிறந்தநாள் விழாவில் அத்தானின் கிளாஸ் காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டிருந்தவரும் இதே அண்ணர்தான்.

சிகிச்சை முடியும் தறுவாயில் அத்தானின் நடு அண்ணர் இறந்துபோனார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு மூத்த அண்ணரின் வீட்டில் நடந்தது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பது எங்கள் வழக்கம். ஆட்டிறைச்சி, இறால், கணவாய், நண்டு என்று வாழையிலை நிறைந்திருந்தது. அவர் பிராந்திப் பிரியர் என்பதால் ஒரு போத்தலும் இருந்தது. படைத்து முடிந்தபின் ஆண்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். அத்தான் இலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தனக்குப் பிராந்தி வேண்டாம் என்றார். வற்புறுத்தினார்கள். மறுத்தார். "சரி, விடுங்கோ" என்று பெரியமனிதர் போலச் சொல்லிவிட்டு மூத்த அண்ணர் எழுந்து குசினிக்குப் போய், ஒரு கிளாஸ் கோலா கொண்டுவந்து தம்பியின் கையில் கொடுத்தார்.

காலையிலிருந்து அடுப்படியில் நின்று வெந்துபோயிருந்த அத்தான் ஒரே மடக்கில் பாதியைக் குடித்துவிட்டார். பிறகு அப்படியே நின்றார். கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அண்ணரோ சிரித்தார். "ஒரு மூடிதான்ரா விட்டனான். அவனுக்குப் படைச்சதை நீ வாயில வைக்காட்டி அவன்ர ஆத்மா எப்பிடியடா சாந்தியடையும்?" என்றார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். செத்தவரின் ஆத்மாவுக்கு அவ்வளவு அக்கறை! உயிரோடு நின்ற தம்பியைப் பற்றி அந்த அறையில் ஒருவருக்கும் கவலையில்லை.

அத்தான் கத்தவில்லை. படியிறங்கிப் போய் வாசலில் நின்று நன்னடத்தை அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தார். அவள் கண்டுபிடிக்குமுன் தானே சொல்லவேண்டும் என்று குழுவில் படித்திருந்தார். மறுநாள் பரிசோதனைக்குப் போனார். மது தெரிந்தது. கலந்து கொடுத்தவர் நேரில் வந்து சொன்னால் நீதிபதிக்கு அதையும் எழுதலாம் என்றாள் அதிகாரி. அன்று அண்ணர் சொன்னது என் காதில் விழுந்தபடியே நான் சொன்னேன். குறித்துக்கொண்டாள். ஆனால் நான் அக்காவின் தங்கை. வேறு எப்படிச் சொல்வேன் என்று நினைத்திருப்பாள்.

அண்ணருக்கு நான்தான் தொலைபேசி எடுத்தேன். "உங்கட தம்பி மறியலுக்குப் போகப்போறார். வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கோ" என்று கெஞ்சினேன்.

"பிள்ளை, குடும்ப விசயத்தை வெள்ளைக்காரருக்குப் போய்ச் சொல்லச் சொல்லுறியோ? கோயில் சபையில இருக்கிற மனுசன் நான். எனக்கு ஏலாது" என்றார்.

அன்று சிரித்த மற்றவர்களையும் கேட்டேன். ஒருவர் குசினியில் நின்றாராம். இன்னொருவருக்குக் காது சரியாகக் கேட்காதாம். படையலில் வைத்த பிராந்தியை மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

நீதிமன்றம் அவரை உள்ளே அனுப்பவில்லை. தானே வந்து சொன்னார் என்பதற்காக நன்னடத்தைக் காலத்தை நீட்டி, சிகிச்சைக் குழுவை முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. முடியும் தறுவாயில் இருந்த ஒன்றை முதலிலிருந்து! செய்தி அறிந்த அண்ணர், "பாத்தியோ, ஒண்டும் ஆகேல்லைத்தானே" என்றாராம். அதை அக்கா எனக்குச் சொன்னபோது அழுதாள். அத்தான் மறுபடி வியாழக்கிழமைகளில் எஸ்-பான் ஏறினார். புதிய முகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, நான் ஒரு பெண்ணின் காலை முறித்தேன் என்று முதலிலிருந்து சொன்னார். அந்த முறைதான் பிளாஸ்க் வாங்கினார். இந்தத் தடவை முழுதாக முடித்தார். நன்னடத்தைக் காலமும் முடிந்து இப்போது சில வருடங்களாகிவிட்டன. பிளாஸ்க்கை மட்டும் அவர் கைவிடவில்லை.

போன மாதம் ஒரு கலியாண மண்டபத்தில் எங்கள் மேசைக்கு மூத்த அண்ணர் வந்தார். வயதாகிவிட்டது, தடி ஊன்றித்தான் நடக்கிறார். அத்தானின் மடியில் இருந்த பிளாஸ்க்கைப் பார்த்துவிட்டு, மேசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "இவனுக்கு இன்னும் எங்களில நம்பிக்கை வரேல்லை" என்று சிரித்தார். நான் வாயைத் திறந்துவிட்டேன். அக்கா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

அத்தான் பிளாஸ்க்கைத் திருகித் திறந்தார். நசுங்கிய மூடியில் தேத்தண்ணீரை ஊற்றி, இரண்டு கையாலும் அண்ணரிடம் நீட்டினார்.

"குடியுங்கோ அண்ணை. வெறுந் தேத்தண்ணிதான்."

அண்ணர் மூடியை வாங்கினார். வாயருகே கொண்டுபோனவர் ஒரு கணம் நின்று, மூக்கில் பிடித்து மணந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.