சத்திரத்துப் பேய்க்கு வைத்த குடம்

முத்துவடிவு எந்த வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போனாலும் முதலில் அடுப்பைப் பார்ப்பாள்; பிறகுதான் வயிற்றைத் தொடுவாள். வெந்நீர் இல்லாத வீட்டில் அவளுக்கு வேலை ஓடாது. இருபத்திரண்டு வயதில் புருஷனை இழந்து, அண்ணன்மார் சம்மதத்துக்குக் காத்திராமல் பாளையங்கோட்டைக்குப் போய்ப் பிரசவம் பார்க்கப் படித்து வந்தவள். தென்காசியில் எல்லோருக்கும் நர்சம்மா. பேய் உண்டா என்று யாராவது கேட்டால், "இருந்தா இருந்துட்டுப் போகுது. நம்ம வேலைய அதா வந்து பாக்கப் போகுது?" என்பாள்.

1956 ஆடியில் குற்றாலத்திலிருந்து அவளை அழைக்க வந்தவன் சுந்தரபாண்டியன், ராயகிரிப் போலீஸ்காரன். அம்மாவின் நேர்த்திக்காகக் குடும்பத்தோடு அருவிக்கு வந்த இடத்தில், ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்த அவன் மனைவி முப்பிடாதிக்கு வலி கண்டுவிட்டது. வாடகை வீட்டுக்காரர் தீட்டு ஆகாது என்று கைகழுவிவிட்டார். சீசன் கூட்டத்தில் காலியாகக் கிடந்தது ராஜா காலத்துச் சத்திரம் ஒன்றுதான். ஆண் பிள்ளை அங்கேதான் பிறந்தது. அவன் அழைக்க வந்தது பிறந்த மூன்றாம் நாள்.

"பிள்ள நல்லாருக்கு நர்சம்மா. இவளத்தான் சத்திரத்துப் பேயி புடிச்சிருக்கு. விடிஞ்சதும் பேயோட்டுத கோடாங்கி வாரான். சாட்டையால அடிப்பானாம். தாங்குவாளா?"

திருடர்களை அடித்துப் பழகியவன் பஸ்ஸில் அவளிடம் கெஞ்சிக்கொண்டே வந்தான்.

பேயின் கதையையும் அவனே சொன்னான். எந்தக் காலத்திலோ ஒரு வழிப்போக்குப் பெண் தாகத்தில் அங்கே செத்தாளாம். படுப்பவர் உடம்பில் ஏறித் தண்ணீர் கேட்பாளாம். அவளுக்காகக் காவல்காரர் தங்கசாமி தினமும் அந்தியில் கொல்லைப் படியில் ஒரு குடம் தண்ணீர் வைப்பார். விடிந்து பார்த்தால் பாதிதான் இருக்கும்.

இருட்டுகிற நேரத்தில் முத்துவடிவு உள்ளே நுழைந்தாள். முப்பிடாதி மேல்கூரையைப் பார்த்தபடி, "தண்ணி, தண்ணி" என்று கரகரத்தாள்.

"பாத்தியளா? எம் மருமவ குரலா இது?" என்றாள் மாமியார் மாரித்தாய். "அந்தச் சிறுக்கில்லா கேக்கா!"

"என்னைலேர்ந்து கேக்கா?"

"பெத்த அன்னைலேர்ந்து."

"குடுத்தீங்களா?"

மாரித்தாய் பதறிப்போனாள். "பச்ச உடம்புக்காரிக்குத் தண்ணியா? ஜன்னி கண்டுராது? காயமருந்து குடுக்கேன். ராத்திரிக்கு ஒரு சங்கு கடுங்காப்பி. அவ்வளவுதான்."

நாக்கு காய்ந்த ஓலையாக இருந்தது. காய்ச்சல் நூற்றொன்று. கர்ப்பப்பை நன்றாக இறுகியிருந்தது. துணியில் கெட்ட வாடை இல்லை; உள்ளே சீழ் பிடித்த காய்ச்சல் அல்ல. நேற்றுக் காலைக்குப் பிறகு மூத்திரம் போகவில்லை, அடிவயிறும் முட்டவில்லை. உடம்பில் நீரே இல்லை. இந்த உடம்பில் சாட்டை விழுந்தால் நாளை பிள்ளைக்குத் தாய் இருக்காது.

"ஆச்சி, இந்த ஒரு ராத்திரிய எங்கிட்ட விடுங்க. விடியுறப்ப இவ ஒங்க மருமவளா எந்திரிக்கலன்னா, கோடாங்கிக்கு நானே தாம்பூலம் எடுத்து வைக்கேன்."

"ஜன்னி வந்துட்டா?"

"ஒங்க மவன் போலீசுதான? புடிச்சு உள்ள வைக்கட்டும்."

"எம்மா, நர்சம்மா சொல்லுததக் கேளு," என்றான் சுந்தரபாண்டியன். மாரித்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

வெளியே மழை. அடுக்களைப் பானை காலி. முத்துவடிவு நேரே கொல்லைப் படிக்குப் போய்க் குடத்தைத் தூக்கினாள்.

"ஐயோ, அது அவளுக்கு வச்சது!" என்று தங்கசாமி அலறினார். "எடுத்தா சும்மா விட மாட்டா!"

"வந்து கேக்கட்டும் அண்ணாச்சி. நான் முழிச்சுத்தான் இருப்பேன்."

தண்ணீரைச் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து, கருப்பட்டியும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். நடுவில் கொல்லைக் கதவு படபடவென்று அடித்துக்கொண்டது. தங்கசாமி சுந்தரபாண்டியனின் சட்டையைப் பிடித்தார். முத்துவடிவு ஒரு விறகுச் சிராயைக் கதவிடுக்கில் செருகினாள். பேய் நின்றது.

மூன்று செம்பு உள்ளே போயிருக்கும். கோழி கூவுவதற்குக் கொஞ்சம் முன்னால் முப்பிடாதி கண்ணைத் திறந்து, "அத்தே, ஒண்ணுக்கு வருது," என்றாள்.

முத்துவடிவுக்கு அதைவிட நல்ல செய்தி வேண்டியிருக்கவில்லை. மாரித்தாய் மருமகளைத் தாங்கி நடத்திப் போனாள். போகும்போதும் வரும்போதும் அழுதாள்.

கோடாங்கி உடுக்கையோடு வந்தபோது முப்பிடாதி சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "இவுக யாரு அத்தே?" என்று கேட்டாள். அவனுக்குச் சாட்டையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"பேயி எங்க?" என்றான்.

"தண்ணியக் குடிச்சிட்டுப் போயிட்டுது," என்றாள் முத்துவடிவு. "நீங்க ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க."

கொல்லைப் படியில் குடம் இருந்த இடத்தில் ஒரு தாட்டியான குரங்கு உட்கார்ந்து முறைத்தது. தங்கசாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏலே, இத்தன வருசமா ஒனக்கா சொமந்தேன்?"

அதன் பிறகு முத்துவடிவு குற்றாலத்தில் தங்கும்படி நேர்ந்தால் அந்தச் சத்திரத்தில்தான் தங்குவாள். கூட்டமில்லை, காற்றோட்டம் உண்டு.

1960-ல் முப்பிடாதியின் இரண்டாம் பேறுக்கு ராயகிரி போனாள். வழக்கம்போல் அடுப்பைப் பார்த்தாள். சீரகத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி உலகம்மை, பச்சை உடம்புக்கு இது ஆகுமா என்று இழுத்தாள்.

"ஏட்டி, நீ வாய மூடு," என்றாள் மாரித்தாய். "பெத்தவளுக்குத் தண்ணி குடுக்கலன்னா பேயி புடிக்கும். எங் கண்ணால பாத்தவ நான்."

முத்துவடிவு திருத்தவில்லை. தண்ணீர் உள்ளே போனால் சரி என்று கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.