மூக்கை மூடிய துணியும் திருத்துழாயும்

பெருமாளிடம் மனசை வைத்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் அடியேனின் நமஸ்காரம். அறுபத்தொன்றாம் வருஷம், தை மாதம், ஒரு மத்தியானம், ‘ரங்கா’ என்று கூப்பிட எனக்கு மூச்சு இல்லாமல் போயிற்று. மூன்றே எழுத்து. அதுகூட வாயில் வரவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பதெல்லாம், கல்யாணமாகி ஆறே வருஷத்தில் இப்படிப் போகிறோமே என்ற பயம்தான்.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. ரங்கன் கோயிலைச் சுற்றி ஓடும் உத்தர வீதியில் எங்கள் அகம். என் அகத்துக்காரர் திருச்சியில் ரயில்வே குமாஸ்தா. அவருடைய அண்ணாவின் மனைவியை நான் மன்னி என்று கூப்பிடுவேன். கொள்ளிடக்கரைப் பக்கம் குடும்பத்துக்கு ஒரு சின்ன நந்தவனம் இருந்தது. தினம் விடியற்காலை ஸ்நானம் பண்ணிவிட்டு, மன்னியும் நானும் அங்கே உட்கார்ந்து பெருமாளுக்கு மாலை கட்டுவோம். அந்தக் காலைகளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு குளிர்ந்துவிடும். நனைத்த வாழை நார், ஈரத்துணியில் குவித்த பூ, இலை நுனியில் பனி சொட்டும் துளசி, எங்கள் பேச்சில் திருத்துழாய். கிணற்றடியில் ஏற்றம் கிறீச்சிடும். அந்தச் சத்தத்துக்குத் தாளம் தப்பாமல் மன்னி பாசுரம் சொல்லிக்கொண்டே கட்டுவாள். நான் அவளைவிட வேகமாகக் கட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எங்கள் வழக்கத்தில் ஒன்று மட்டும் ரொம்பக் கண்டிப்பு. பெருமாள் சாற்றிக்கொள்ளுமுன் அந்தப் பூவின் வாசனை நம் மூக்கில் படக்கூடாது. அதனால் மாலை கட்டி முடிக்கிறவரை மூக்கையும் வாயையும் மூடி ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வோம். பேச்சுகூடத் துணிக்குள்ளேயிருந்துதான்.

இழுப்பு எனக்கு எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் வெறும் தும்மல். அப்புறம் கண் அரிப்பு, கழுத்தெல்லாம் தடிப்பு. அடுத்த வருஷம் நெஞ்சில் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். வீதி டாக்டர் மாத்திரை கொடுப்பார், சரியாகும். மாதத்துக்கு ஒன்று என்றிருந்த மாத்திரை வாரத்துக்கு மூன்றாயிற்று. பிறகு மாத்திரை போய் ஊசி வந்தது.

இதில் ஓர் அதிசயம். மாலை கட்டும்போது மட்டும் எனக்கு ஒன்றும் வராது. அகத்துக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். நான் என்ன முடிவுக்கு வந்திருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கைங்கர்யத்தில் இருக்கிறவரை பெருமாள் காப்பாற்றுகிறார், சம்சாரத்துக்குத் திரும்பினால் வியாதி பிடித்துக்கொள்கிறது! இப்படி நினைத்துக்கொண்டு என்ன செய்தேன் தெரியுமா? சந்நிதியிலிருந்து களைந்து வந்த பிரசாத மாலையைத் தினமும் வாங்கி வந்து, கண்ணில் ஒற்றி, முகத்தோடு வைத்து ஆசையாக முகர்ந்து, படுக்கைத் தலைமாட்டிலேயே தொங்கவிட்டேன். இழுப்பு அதிகமாக அதிகமாக மாலையையும் அதிகமாக்கினேன். எண்ணெய் ஊற்றித் தீயை அணைக்கப் பார்த்த புத்திசாலி நான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் மூன்று நாள் விலகி, கொல்லைப்புற அறையில் உட்காருவோமே, அந்த நாட்களில் எனக்கு இழுப்பே வராது. இது எனக்கு நன்றாகத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. பெருமாள் பிரசாதம் என்னை நெருங்காத நாளில்தான் எனக்கு மூச்சு வருகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அவருக்கே என்னைப் பிடிக்கவில்லையா? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தத் தை மாத மத்தியானம் தலைமாட்டில் புது மாலை. படுத்துக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்தேன். உள்ளே மூச்சு போகவில்லை, வெளியே வரவும் இல்லை. அன்று அகத்துக்காரருக்கு விடுமுறை, அகத்தில்தான் இருந்தார். வீதி டாக்டரைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஊசி போட்டார்கள். அது இறங்குவதற்குள் மனசுக்குள்ளேயே கதறினேன்: ‘ரங்கா, உன் பூவையும் என் மூச்சையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்கிவிடாதே. இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி காட்டு.’

அந்தப் பிரார்த்தனைக்குப் பதில், ஊசியைக் கழுவிக்கொண்டே டாக்டர் பேசிய பேச்சில் வந்தது.

“சார், இந்த மாசத்துல இது மூணாவது ஊசி. பேசவே முடியாம போயிடுச்சுன்னா அது சாதாரண இழுப்பு இல்லை. நான் அடங்க வைக்கிறேனே தவிர, எதனால வருதுன்னு எனக்குத் தெரியலை. திருச்சி கண்டோன்மெண்ட்ல ஒருத்தர் இருக்கார், மெட்ராஸ்ல இதுக்குன்னே படிச்சுட்டு வந்தவர். இனிமே நாள் கடத்தாதீங்க.”

அவர் பெரிய டாக்டர் என்று வீதியே கொண்டாடிய மனிதர். ‘எனக்குத் தெரியலை’ என்று அவர் வாயால் வந்ததை இன்றைக்கும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அப்படியும் நான் முரண்டு பிடித்தேன்.

“ஏன்னா, அந்த டாக்டர் பூவைத் தொடாதேன்னுடுவார். தொடாம இருந்து மூச்சு விட்டுண்டு என்ன பிரயோஜனம்?”

அகத்துக்காரருக்குக் கோபமே வராது. அன்று வந்தது. “மூச்சு இல்லாம நீ எந்தப் பூவைக் கட்டப்போறே? கெளம்பு.”

டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது மலைக்கோட்டை எதிரே தெரிந்தது. ஆற்றில் தண்ணீர் வெயிலில் பளபளத்தது. நான் மட்டும் திரும்பித் திரும்பி கோயில் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

கண்டோன்மெண்ட் டாக்டர் ஒரு முஸ்லிம். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்விடுவார் என்பதால் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். அவசரமே படாத மனிதர். முதல் நாள் ஊசியும் போடவில்லை, சீட்டும் எழுதவில்லை. இழுப்பு திரும்ப வந்தால் கொடுக்க ஒரு மாத்திரை மட்டும் தந்து, “எப்ப எப்ப வருது, அப்ப எங்க இருந்தீங்க, பக்கத்துல என்ன இருந்துச்சு, ஒரு மாசம் எழுதிட்டு வாங்கம்மா” என்றார். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். மூன்று நாட்களை மட்டும் வெறுமையாக விட்டிருந்தேன்.

அதில்தான் விரலை வைத்தார்.

“இந்த மூணு நாள் ஏன் எழுதலை?”

அகத்துக்காரர் சுவரைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன், “அப்போ வராது.”

“எங்க இருப்பீங்க?”

“கொல்லைப்புறத்து ரூம்ல.”

“மத்த நாள் பக்கத்துல இருக்கிறது எது அங்க இல்லை?”

“பெருமாள் பிரசாதம்” என்றேன். சொன்ன மாத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் மறைத்ததெல்லாம் அந்த மேஜை மேல் கொட்டிவிட்டது.

அவர் நான் அழுது முடிக்கிறவரை காத்திருந்தார். “சாமி ஒத்துக்காம போகலைம்மா. ஏதோ ஒரு செடி ஒத்துக்கலை. எந்தச் செடின்னு கண்டுபிடிக்கிறது என் வேலை” என்றார். பிறகு, “மாலை கட்டறப்போ ஏன் வரலை?” என்று கேட்டார். துணி கட்டிக்கொள்ளும் வழக்கத்தைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

“உங்க பெருமாளே வைத்தியம் பண்ணிக்கிட்டு இருந்திருக்காரு. வீட்டுக்கு வந்து துணியை அவுத்தது நீங்கதான்!”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

நந்தவனத்துப் பூ, இலை எல்லாவற்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கொண்டுவரச் சொன்னார். மன்னிதான் மடித்துக் கொடுத்தாள். துளசிப் பொட்டலத்தை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள். இரண்டு வாரம் கழித்து, அவர் சொன்னபடி நடுவில் மாத்திரை எதுவும் தின்னாமல் போனேன். முன்கையில் வரிசையாகச் சின்னச் சின்னக் கீறல். ஒவ்வொன்றிலும் ஒரு பூவின் சாறு, பக்கத்தில் மையால் நம்பர். இழுப்பு வந்துவிட்டால் போடுவதற்கு ஊசி ஒன்று தயாராகப் பக்கத்தில் இருந்தது. துளசிக்கு ஏழாம் நம்பர்.

“இருபது நிமிஷம். கையை அசைக்காதீங்க.”

ஆயுசில் அவ்வளவு நீளமான இருபது நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. மல்லிகை வேண்டாம் என்றாலும் சகித்துக்கொள்வேன். ரோஜா போனால் போகட்டும். திருத்துழாய் இல்லாமல் அவனுக்கு என்ன மாலை, எனக்கு என்ன பிறவி? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கையில் ஓரிடத்தில் அரித்தது. எந்த இடம் என்று பார்க்கத் தைரியமில்லை.

“கண்ணைத் திறங்கம்மா.”

சாமந்திக்குச் சின்னதாக ஒரு தடிப்பு. மரிக்கொழுந்து இருந்த இடம் எட்டணாக் காசு அகலத்துக்கு வீங்கிச் சிவந்திருந்தது. மாலைக்கு மாலை வாசனைக்கென்று நான் அள்ளி அள்ளி வைத்துக் கட்டிய அதே மரிக்கொழுந்து! ஏழாம் நம்பரில் ஒரு கீறல் மட்டும், முள் பட்ட மாதிரி. அவ்வளவுதான். ‘ரங்கா’ என்றேன். அந்த அறை முழுக்கக் கேட்டது. டாக்டரின் கண்ணும் கலங்கியிருந்தது என்று அகத்துக்காரர் சொல்வார். நான் பார்க்கவில்லை, என் கண்ணே எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மரிக்கொழுந்தையும் சாமந்தியையும் மன்னி தள்ளி உட்கார்ந்து கட்டினாள். நான் துளசி மட்டும். அவை சேர்ந்த பிரசாத மாலை கூடத்தோடு நின்றது, படுக்கை அறைக்கு வரவில்லை. இழுப்பு ஒரேயடியாக ஓடிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பனிக்காலத்தில் எட்டிப் பார்க்கும், டாக்டர் சொன்ன மருந்துக்கு அடங்கிவிடும். ஆனால் பேச்சு நின்றுபோகிற மாதிரி அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை. துணி கட்டுவதையும் விடவில்லை. வழக்கத்துக்கு வழக்கம், வைத்தியத்துக்கு வைத்தியம்.

இன்றைக்கு மன்னி இல்லை, என் அகத்துக்காரரும் இல்லை. நந்தவனம் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது தும்மல், தடிப்பு, இழுப்பு என்று வந்து, மருந்து முன்போல் கேட்காமல் போனால், ஊசிக்கு ஊசி நாள் குறைந்துகொண்டே வந்தால், அதற்கென்று படித்தவரிடம் போங்கள். பேச்சு நின்றுபோகிற நாள் வரை காத்திருக்காதீர்கள், அப்படி வந்தால் அந்த நிமிஷமே ஓடுங்கள். போனால் எதைப் பறித்துக்கொள்வாரோ என்று பயமாக இருந்தால் அந்தப் பயத்தையும் அவரிடமே சொல்லுங்கள், நான் மறைத்த மாதிரி மறைக்காதீர்கள். பிரார்த்தனை பண்ணுவதை நிறுத்தச் சொல்லவில்லை. பண்ணிக்கொண்டே பஸ் ஏறுங்கள்.

இன்று காலை சந்நிதியிலிருந்து களைந்த திருத்துழாய் வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மூக்கருகே வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை உள்ளே இழுத்து, அவன் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.