இடது பக்கப் பொத்தான்கள்

கோமதி ஆன்ட்டி இறந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவுக்கு ஃபோன் வந்தபோது, ஆன்ட்டி வீட்டுச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் நாட்களில் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அம்மா உட்கார்ந்து அழுதார். நான் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் பத்து மணிக்கு அவர் என்னைக் கூப்பிட மாட்டார் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

இளமையில் அவருடன் வாலிபால் ஆடியவர்கள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறார்கள். கடைசி இரண்டு வருடம் அவருடன் அதிக நேரம் இருந்தவள் என்று என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். மற்ற பக்கங்களில் என்ன வரும் என்று தெரியும். துக்கத்துக்கு வந்தவர்கள் பேசியதை வாசலில் நின்று கேட்டேன். தங்கமான மனசு, யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் என்றார்கள். என்னால் அப்படி எழுத முடியாது. எனக்கு அவரைப் பிடிக்காது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பக்கத்து குவார்ட்டர்ஸ் பெண், அபி. பத்தாம் வகுப்பில் பாதியிலேயே நின்றுவிட்டேன். வகுப்பில் எழுந்து பாடம் படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. புத்தகம் ஆடும், சிரிப்பார்கள், உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தேன். அது அப்படியே நீண்டுவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஆன்ட்டி பரணைச் சுத்தம் செய்யச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அவர் மகன் ரவி அண்ணன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வைத்திருந்த கையடக்க வீடியோ கேம் பெட்டி அங்கே கிடைத்தது. பின்பக்கம் பேனாவால் அவர் பெயர் எழுதியிருந்தது. சார்ஜ் போட்டதும் உயிர் வந்தது. உள்ளே ஒரே ஒரு விளையாட்டு, கடற்கரை வாலிபால். மஞ்சள் மணல், அசையாத கடல், ஒரு பக்கத்துக்கு இரண்டு பெண்கள்.

ஆன்ட்டிக்கு இடது கையில்தான் டயாலிசிஸ் ஊசி போடுவார்கள். "இந்தக் கையால ஒண்ணும் புடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. நீ அந்தப் பக்கம் புடி" என்றார். அன்றிலிருந்து ஒரு பெட்டியை இரண்டு பேர் பிடித்து ஆடினோம். சோபாவில் தோளோடு தோள் உட்காருவோம். இடது பக்கப் பொத்தான்கள் எனக்கு. ஆளை நகர்த்துவது என் வேலை. வலது பக்கப் பொத்தான்கள் அவருக்கு. அடிப்பது அவர் வேலை. பந்து விழப்போகிற இடத்தில் மணலில் ஒரு கறுப்பு நிழல் தெரியும். நான் அந்த நிழலுக்கு ஓட வேண்டும்.

"நெழலுக்குப் போடி! நெழலுக்கு! சினிமா பாத்துகினு இருக்கியா?"

பந்து கீழே விழுந்தால் தப்பு என்னுடையது. வெளியே போனாலும் என்னுடையதுதான். ஒருமுறைகூட அவர் கட்டைவிரல் தப்பு செய்ததாக ஒப்புக்கொண்டதில்லை. பக்கத்து வீட்டு அம்மா யாராவது வந்தால், "எனக்கு வாய்ச்ச பார்ட்னரப் பாரு. களிமண்ணுல புடிச்சு வெச்சது" என்று காட்டுவார். அவர்கள் சிரிப்பார்கள். வகுப்பிலிருந்து ஓடி வந்த சிரிப்பு இங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது.

கடைசிவரை அவருக்கு இரண்டு பேர் ஆட்டம் பிடிபடவில்லை. அவர் ஆடியது ஆறு பேர் ஆட்டம். வலை ஓரம் நின்று பந்தைத் தூக்கிக் கொடுப்பதே அவர் இடம். அடித்தவர்கள் பெயர்தான் பேப்பரில் வந்ததாம். அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவார். கேமில் பின்னால் காலியாகக் கிடக்கும் மணலைப் பார்த்து, "மீதி நாலு பேரு எங்கடி பூட்டாளுங்க?" என்று கத்துவார். அந்த நாலு பேர் இடத்துக்கும் நானே ஓடினேன். அவர் அடித்துக்கொண்டே இருந்தார்.

போன வருடம் ஜூன் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மந்தாரக்குப்பத்தில் ஒரு டுடோரியலில் பத்தாவது தனித்தேர்வுக்குச் சொல்லித் தருகிறார்கள் என்று அப்பா விசாரித்து வந்தார். காலை பத்திலிருந்து ஒன்றுவரை வகுப்பு. என் வாயிலிருந்து பதில் வாங்குவது கஷ்டம் என்பதால் அப்பா ஆன்ட்டியிடம் கேட்கப் போனார். நான் அவர் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, அபி உங்ககிட்டதான் இருக்குது. படிக்கிறேன்னு ஏதாச்சும் சொல்லிச்சா?"

"சொல்லிச்சே. படிக்கவே புடிக்கலயாம். 'அப்பா கேட்டா நீங்களே சொல்லிடுங்க ஆன்ட்டி'ன்னு அழுவுது. வுட்டுடுங்கண்ணா. ஃபெயிலாயி எதுனா பண்ணிக்கினா யாரு பதில் சொல்றது?"

நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரிடம் எதுவுமே சொன்னதில்லை. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார். "சரிங்க, அதுக்கு இஷ்டமில்லன்னா வேணாம்" என்று செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். பத்தடி தூரத்தில் நான் ஈர டம்ளரோடு நின்றேன். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் பத்து மணிக்கு, டுடோரியல் தொடங்கும் நேரத்துக்கு, "அபீ, சார்ஜ் ஃபுல்லா இருக்குது, வா" என்று சுவர் தாண்டிக் குரல் வந்தது. போனேன்.

பத்து மாதம் அதை உள்ளேயே வைத்திருந்தேன். என்னோடு படித்தவர்களில் தவறியவர்கள்கூட அந்த வருடம் எழுதித் தேறிவிட்டார்கள்.

இந்த ஏப்ரலில் முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். அதில் ஜெயித்தால் தங்கக் கோப்பை. ஆன்ட்டி அன்று டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசி செட்டில் இருபது, இருபது. பிறகு எதிரணிக்கு ஒன்று அதிகம், இன்னொன்று போனால் தோல்வி. அடுத்த பந்து மெதுவாக வந்தது. நிழல் மூன்று அடி தள்ளித் தெளிவாகத் தெரிந்தது. நான் விரலை எடுத்துவிட்டேன். எங்கள் பெண் நின்ற இடத்திலேயே நின்றாள். பந்து மணலில் விழுந்தது.

ஆன்ட்டி பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேணும்னே நின்ன."

"ஆமா."

"ஏண்டி?"

"படிக்கப் புடிக்கலன்னு நான் சொல்லவே இல்ல."

அவர் மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பெட்டியை அணைத்துத் துப்பட்டாவால் திரையைத் துடைத்தார். "அப்பவே கத்தி இருக்கணும்டி. பந்து உழுந்தப்புறம் கத்துனா பாயின்ட் திரும்பி வருமா?" என்றார். அதன்பின் டிவியைப் போட்டுவிட்டார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் அந்த ஃபோன் வந்தது. இடையில் அவர் இரண்டு முறை கூப்பிட்டார். நான் போகவில்லை. அதற்காக எனக்கு வருத்தமில்லை.

காரியத்தன்று ரவி அண்ணன் பெட்டியை என் கையில் கொடுத்தார். "அம்மா உனக்குதான்னு சொல்லிட்டாங்கம்மா." ஒரு கையால் ஆட முடியாததால்தான் என்னைக் கூப்பிட்டார் என்று சொன்னேன். அவர் விழித்தார். "அந்தக் கைக்கு வெயிட்தான் தூக்கக் கூடாது. ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி வேலை குடுக்கணும்னு டாக்டரே சொல்லியிருந்தாரே" என்றார்.

பக்கத்தில் இருந்த அம்மா இதைக் கேட்டு, "பாவம், தொணைக்குத்தான் உன்னைக் கூப்புட்டுருக்காங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கும் என்னால் இளக முடியவில்லை. துணை வேண்டுமென்றால் துணை என்று கேட்டிருக்கலாம். மதியம் இரண்டு மணிக்கு வா என்று சொல்லியிருந்தால் டுடோரியல் முடிந்து வந்திருப்பேன். அவர் கேட்கவில்லை. என் வாயை எடுத்து அவர் பேசினார். அவரோடு ஆடியவர்கள் இதை அச்சுப் போட மறுத்தாலும் இதுதான் நடந்தது.

இதுவரை எழுதியதும் இந்தப் பக்கத்தை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடி இல்லை, நீயே படி என்றார். யூனிஃபார்மில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். முதல் வரியில் தாள் ஆடியது. இரண்டாவது முறை தொடங்கினேன். ஜூன் மாதம் வந்த இடத்தில் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் நிறுத்தவில்லை. அதுவரை எழுதியிருந்ததைக் கடைசிவரை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவுக்குப் படித்தேன். பக்கத்து வீடு பூட்டியிருந்தது.

அப்பா தாளை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு, "டுடோரியல் அதே பத்து மணிதானாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. பத்து மணி."

ஆன்ட்டியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான். திருப்பிக் கொடுக்க மாட்டேன். இருபத்தொன்று, இருபதில் நான் கைவிட்ட கோப்பை அதற்குள் இருக்கிறது. மாலையில் தனியாக ஆடுகிறேன். இடது கை தானாக நிழலுக்கு ஓடிவிடுகிறது. வலது கட்டைவிரலுக்குத்தான் இன்னும் அடிக்கத் தெரியவில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.