உப்புத் தண்ணீர் விளக்கு

மூடி பறந்துபோய்ப் பரணில் மோதியதை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. ‘தானே’ என்று பெயரிட்ட புயல் அடித்து ஓய்ந்த சமயம் அது. கடலூர் பழைய டவுனில் எங்கள் தெருவுக்கு இன்னும் கரண்ட் வந்திருக்கவில்லை. சாயங்காலம் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள், அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். சமையலறைத் தரையெல்லாம் உப்புத் தண்ணீர். நடுவில் என் கணவர் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். கிட்டே போனேன். அவராகவே கையை எடுத்தார். புருவமும் முன்முடியும் கருகியிருந்தன, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. “வெளிச்சம் மங்கிடுச்சுன்னு மெழுகுவத்திய கையில வெச்சுக்கிட்டு மூடியத் தெறந்தேன், அவ்ளோதான்” என்றார். வெடித்தது எங்கள் பள்ளியின் கெமிஸ்ட்ரி டீச்சர் கண்டுபிடித்த விளக்கு.

நான் அங்கே தமிழாசிரியை. கெமிஸ்ட்ரி டீச்சர் சிதம்பரத்திலிருந்து தினமும் ரயிலில் வருவார். அவருடைய கணவருக்கு அண்ணாமலை நகரில் வேலை. ஆசிரியர் அறையில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, அப்படித்தான் பழக்கம். சுனாமிக்குப் பிறகு முகாம்களில் உதவிக்குப் போனபோது அவருக்கு அந்த யோசனை வந்ததாம். இருட்டில் உட்கார்ந்திருந்த ஜனங்களிடம் வேறு எதுவும் இல்லை, உப்புத் தண்ணீருக்கு மட்டும் பஞ்சமில்லை. அதிலிருந்தே ஒரு விளக்கை எரிய வைத்தால் என்ன? வெந்நீர்க் கீசருக்குள் தொட்டி துருப்பிடிக்காமல் இருப்பதற்காக ஒரு மெக்னீசியத் தண்டு தொங்கும். ரிப்பேர் கடைகளில் கழற்றிப் போட்ட அந்தத் தண்டுகளை வாங்கி வந்து, கரி பூசிய தகடுகளுக்கு நடுவே நிறுத்தி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் உப்புத் தண்ணீரை ஊற்றுவார். மூடியில் பதித்த சின்ன எல்.இ.டி. வெள்ளையாக எரியும். அது எரிய வருஷக்கணக்காக அவர் பட்ட பாட்டை நான் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தவள். புயலுக்குச் சில மாதம் முன்புதான் சென்னைக்குப் போய் பேட்டன்டுக்கு முதல் மனு போட்டுவிட்டு வந்தார். “இனிமே தைரியமா வெளிய காட்டலாம் டீச்சர்” என்று சொல்லி எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். விளக்கைத் தயாரிக்கும் எண்ணத்தில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் நேரில் பார்க்க வருவதாகவும் பேச்சு.

புயல் வந்ததும், செய்து வைத்திருந்த விளக்குகளையெல்லாம் ஒரு கட்டைப்பையில் போட்டு எடுத்து வந்து, எங்கள் மாணவிகளின் வீடுகளில் கொடுத்தார். எனக்கும் ஒன்று.

வெடித்த மறுநாள் காலை, நான் சொல்லியனுப்பிய சேதி கேட்டு அவர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். என் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடியைக் கையில் வாங்கினார். அதில் ஓர் ஓரமாகக் குண்டூசித் தலையளவுக்குத் துளை ஒன்று உண்டு. மெக்னீசியம் கரையும்போது சட்டென்று தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அது வெளியேற வழி. துளையில் மெழுகு அடைத்திருந்தது. “தண்ணி சிந்திப் பாயெல்லாம் நனையுது, அதான் அடைச்சேன்” என்றார் என் கணவர், தன்மேல்தான் தப்பு என்கிற மாதிரி. டீச்சருக்குப் புரிந்துவிட்டது. துளை அடைபட்டால் வாயு உள்ளேயே தேங்கும், விளக்கு எரிய வேண்டிய காற்றும் உள்ளே போகாது, வெளிச்சம் மங்கும். மங்கினால் யாரும் பக்கத்தில் மெழுகுவத்தியைத்தான் ஏற்றுவார்கள். “எல்லா வீட்லயும் தண்ணி சிந்தியிருக்கும் டீச்சர். எல்லாரும் இதத்தான் செஞ்சிருப்பாங்க” என்றார்.

கிளம்பினோம். விழுந்த மரங்களைத் தாண்டி, அறுந்த கம்பிகளை மிதிக்காமல், வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வாசலுக்கு முன்னாலும் டீச்சர் ஒரு நொடி நின்று காது கொடுப்பார். உள்ளே யாராவது சாதாரணமாகப் பேசும் சத்தம் கேட்டால்தான் காலெடுத்து வைப்பார். அவர் பயந்தது சரிதான். ஒரு வீட்டில் துளையைச் சோப்பால் அடைத்திருந்தார்கள், இன்னொன்றில் எம்-சீல் பசையால். தேவனாம்பட்டினத்தில் ஒரு சிறுமி தன் சுவிங்கத்தை ஒட்டியிருந்தாள். இடையில் டவர் கிடைத்தபோது அவருடைய கணவர் போனில் பேசினார். “விஷயத்த வெளிய சொல்லாத. கம்பெனிக்காரங்க காதுக்குப் போச்சுன்னா எல்லாம் போச்சு. ரிப்பேர்னு சொல்லி வாங்கிட்டு வந்துடு.” டீச்சரும் எல்லா வீட்டிலும் சின்ன ரிப்பேர் என்றுதான் சொன்னார். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. விளக்கு பைக்குள் வந்தால் போதும் என்றிருந்தது.

ஒரு வீடு மட்டும் பூட்டியிருந்தது. அந்த மாணவியின் அம்மா கைக்குழந்தையோடு குறிஞ்சிப்பாடிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். “அந்த வெளக்கையும் தூக்கிக்கினுதான் போச்சு. கொழந்தைக்கு வெளிச்சம் வேணும் இல்ல.” போன் போட்டால் போகவில்லை.

குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறினோம். ரோட்டின் இரண்டு பக்கமும் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. டீச்சர் முன்சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்திருந்தார். என் மனசில் என் கணவரின் கருகிய புருவம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது, அவர் முகத்துக்குப் பதில் ஒரு குழந்தையின் முகத்தில். நினைக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் அது போகவில்லை.

வீட்டைக் கண்டுபிடிக்கும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. கூரையில் பாதி போய்விட்ட வீடு அது. மீதி அறையில் குளிர் படாமலிருக்க ஜன்னலுக்கு அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் ஒரு முக்காலி, அதன்மேல் மங்கிப்போன விளக்கு, அதை ஒட்டினாற்போல் ஒரு மண்ணெண்ணெய்ச் சிம்னி, திரி எரிந்துகொண்டிருந்தது. டீச்சர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மிக மெதுவான குரலில், “அந்தச் சிம்னிய மொதல்ல எடுத்துட்டு வெளிய வந்துடும்மா” என்றார். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் எடுத்து வந்து வாசலில் வைத்தாள். டீச்சர் உள்ளே போய் விளக்கைக் கையில் எடுத்தார்.

“இத ரிப்பேர் பண்ணி எடுத்துட்டு வர்றேன்.”

“நாளைக்கு எடுத்துக்கினு போங்க டீச்சர். இருட்டுல புள்ள அழுவுது. மங்கலா எரிஞ்சாலும் பரவால்ல.” அவளும் விளக்கின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு பேர் கையிலும் அந்த டப்பா. டீச்சர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “ரிப்பேர் இல்லம்மா. பொய் சொன்னேன். இது வெடிக்கும். இந்த டீச்சர் வீட்ல நேத்து வெடிச்சுது” என்றார்.

அவள் கையை உதறிக்கொண்டு, ஓடிப்போய்க் குழந்தையை வாரி எடுத்தாள். “அப்ப எங்க வூட்டுக்குக் குண்டயா குடுத்தீங்க?”

“ஆமா. தெரியாமக் குடுத்துட்டேன்.”

அவள் திட்டித் தீர்த்தாள். தெரு கூடியது. டீச்சர் விளக்கோடு வெளியே வந்தார். வீட்டிலிருந்து தள்ளி வெட்டவெளிக்குப் போய்த்தான் மூடியைத் திருகினார். ‘புஸ்’ஸென்று வாயு வெளியேறியது. மெழுகு அடைத்த துளையை அந்தப் பெண்ணிடமே காட்டினார்.

மறுநாள் அவர் மறுபடியும் எல்லா வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னார். கம்பெனிக்காரருக்கும் அவரே போன் செய்து சொன்னார். அந்த ஆள் வரவேயில்லை. டீச்சரின் கணவர் கோபித்துக்கொண்டாராம். டீச்சர் மூடியை மாற்றினார். ஒற்றைத் துளைக்குப் பதில் விளிம்பைச் சுற்றிலும் மேல்நோக்கிய மெல்லிய திறப்புகள், அடைக்க நினைத்தாலும் அடைக்க முடியாதபடி. பேட்டன்டுக்கான முழு மனுவில் அதையும், முதல் விளக்கு ஏன் வெடித்தது என்பதையும் சேர்த்தே எழுதினார். ஆனால் புது விளக்கை யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் இன்னும் முடியவில்லை என்றே சொன்னார். முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் முழுக்க மின்வெட்டு ஜாஸ்தி. ஒருநாள் பள்ளி விடும் நேரம், குறிஞ்சிப்பாடியில் திட்டிய அதே பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். “அந்த வெளக்கு சரியாயிடுச்சா டீச்சர்?”

“சரியாயிடுச்சு. ஆனா குடுக்கப் பயமா இருக்கும்மா.”

“அன்னிக்குத் தேடிக்கினு வந்தீங்க இல்ல? அதுக்குத்தான் உங்ககிட்ட கேக்கறேன்.”

டீச்சர் பீரோவைத் திறந்தார். அன்று அவர் தன் ரயிலை விட்டுவிட்டு அவளோடு அவள் வீட்டுக்கே போனார். விளக்கைத் தன் கையால் வைத்து, எரியவிட்டு, நன்றாக இருட்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் திரும்பினாராம்.

பேட்டன்ட் கிடைக்கப் பல வருஷமானது. இன்றுவரை எந்தக் கம்பெனியும் அதைத் தயாரிக்கவில்லை. டீச்சர் இப்போது ஓய்வு பெற்றுச் சிதம்பரத்தில் இருக்கிறார். கேட்பவர்களுக்கு மட்டும் செய்து கொடுக்கிறார், கொடுத்த வீட்டுக்கு ஒரு வாரத்துக்குள் போய்ப் பார்க்கிறார். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் வந்தாகிவிட்டது. என் கணவரின் புருவமும் பழையபடி வளர்ந்துவிட்டது. ஆனாலும் கரண்ட் போனால், விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், உள்ளே வாயு எதுவும் தங்கிவிடக் கூடாது என்பதுபோல நான் போய் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.